பதிலி அட்டவணை

எட்டு பத்து.
திருப்பாப்புலியூர் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறதாம்,
அஞ்சலாட்சி போனில் சொல்கிறாள்.
அவளுக்குப் பின்னால் எவனோ விடாமல் ஹாரன் அடிக்கிறான்.
ஜெனோவாவின் மகளுக்குக் காய்ச்சல்.
ஆக, ஐந்து பேரில் மூன்று பேர்,
ஏழு வகுப்புகள்.

காலண்டர் தாளின் பின்பக்கம்
பென்சிலால் கட்டம் போடுகிறேன்.
பேனாவால் எழுதிய அட்டவணை
இந்த மஞ்சக்குப்பத்தில் யாருக்கும்
பத்து மணிவரை நிலைத்ததில்லை.

நஸீமா எல்.கே.ஜி.க்கு.
வேண்டாம், அழி.
அங்கேதான் கடிக்கிற பையன்.
போன வாரத்துப் பல்வரிசை
அவள் மணிக்கட்டில் இன்னும் ஆறவில்லை.
கேட்டால் சொல்வாள்:
'பரவால்லக்கா, அவனுக்கு என்னைத்தான் பழக்கம்.'
அந்தப் பரவால்லையை
எத்தனை முறை எடுத்துச் செலவழித்துவிட்டேன்,
அவளுக்குத் தரும் ஏழாயிரத்துக்குள்
அதுவும் அடக்கம் என்பதுபோல.

ஒருங்கிணைப்பாளர் என்றால்
ஒரு சாவிக்கொத்து,
ஒரு கையெழுத்து நோட்டு,
விளையாட்டுச் சாமான் அறையில் பாதி.
மீதிப் பாதியில் காற்றிறங்கிய பந்துகள்.
அவ்வளவுதான் பதவி.

ஜூலையில் ஒருநாள்
'டைரி ஏன் காலியா இருக்கு' என்று
அத்தனை பேர் முன்னாலும் நஸீமாவைக் கேட்டேன்.
தலை குனிந்து நின்றாள், பதில் இல்லை.
இரண்டு நாள் கழித்து
தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்தார்,
கையில் ஒரு பை நெத்திலி.
'எம் பொண்ணு பாவாடையிலயே போயிடுச்சாம்.
வேற புள்ளைங்க பாக்கக் கூடாதுன்னு
ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு
கழுவி, காயவச்சு, கதை சொன்னாங்களாமே ஒரு டீச்சர்?
அவங்க யாருங்க?'

டைரியில் எழுதினால்
யாராவது படித்துவிடுவார்கள் என்று
எழுதாமல் விட்டிருக்கிறாள்.

மன்னிப்பைத் தனியாகத்தான் கேட்டேன்,
படிக்கட்டுக்குக் கீழே, குரலைத் தாழ்த்தி.
திட்டியது சபையில்.
அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழியப் பார்க்கிறது.
எல்.கே.ஜி. கட்டத்தில்
என் பெயரை எழுதுகிறேன்.

கடிக்கிற பையன் பெயர் இன்பநாதன்.
வகுப்பு டீச்சருக்கு ஒரு நாற்காலி,
பிள்ளைகளுக்கு முப்பத்தொரு குட்டி நாற்காலி,
உதவிக்கு வருகிறவளுக்குத் தரை.
ஒன்பது வருஷம் நானும் உட்கார்ந்த தரைதான்.
நாலே வருஷத்தில்
அதன் குளிர்ச்சி மறந்திருக்கிறது.
இங்கிருந்து பார்த்தால் கரும்பலகை பாதிதான் தெரியும்.
தெரிவதெல்லாம் மேஜைகளின் அடிப்பக்கம்,
ஒட்டிய மூக்குச்சளி,
ஆடிக்கொண்டே இருக்கும் கால்கள்.
எவன் அழப்போகிறான் என்று
முகத்துக்கு முன்னால் கால் சொல்லிவிடும்.

இன்பநாதனின் கால் நின்றது.
எனக்குப் புரிவதற்குள்
முழங்கைக்குக் கீழே சுருக்கென்றது.

ஜன்னலுக்கு வெளியே நஸீமா,
இரண்டாம் வகுப்பை வரிசையாகத்
தண்ணீர்க்குழாய்க்கு அழைத்துப் போகிறவள்,
நின்று, என்னைப் பார்த்து,
துப்பட்டா முனையை நனைத்துப் பிழிவதுபோல்
காற்றில் செய்து காட்டுகிறாள்.
பிறகு வாயைத் தொட்டுக் காட்டுகிறாள்.
கைக்குட்டையை நனைத்தேன்.
அவன் அதைக் கவ்விக்கொண்டான்,
கண்ணை மூடி, சீராக,
பல் முளைக்கிற குழந்தை மாதிரி.
இந்த வித்தை
நான் நடத்திய எந்தப் பயிற்சியிலும் இல்லை.

மதியம், சோற்றுப் பொட்டலங்களைப் பிரிக்கும் நேரம்,
ஒரு டீச்சர் எட்டிப் பார்த்து,
'அந்த ஆயாவக் கொஞ்சம் அனுப்புங்க.'
'நஸீமா' என்றேன்.
சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.
'அவங்க பேர் நஸீமா.
ஜூலையில நான்தான் தப்பா கேட்டுட்டேன்,
எல்லார் முன்னாடியும்.'
டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.
தவமணிக்குப் புரை ஏறியது.
நஸீமா ஊறுகாயைப் பிரித்துக்கொண்டே
'சாப்பிடுங்கக்கா, ஆறுது' என்றாள்.

மூன்றரைக்குமேல்
பள்ளி காலியான பிறகு
நாற்காலி வேண்டி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம்.
ஐந்து என்று எழுதி, அடித்து, ஆறு.
பேனாவால்தான்.
கை எரிகிறது.
நாளைக்கும் கேட் மூடியிருக்கும்.